எமது பாடசாலையின் தொலைகாட்டி

கிறீனிச் வானியல் ஆய்வகத்தின் குவிமாடத்துள்ளே, 1893 ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்ற பெருந்தொலைகாட்டியின் அடியில் நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் முன்வில்லையின் விட்டம் 28 அங்குலம். குழாயின் நீளமோ எட்டு மீற்றருக்கும் மேல். எமது ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "சேர், இதை நாங்கள் காம்புக்குக் கொண்டுபோகலாமோ?" என்று கேட்டாள். உடன் வந்த பிள்ளைகள் யாவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில், புகையிரதத்தில் இருந்தபோதுதான், அந்தப் பிள்ளை கேட்டது நகைப்புக்குரிய கேள்வியன்று என்பது எனக்கு உறைத்தது. தொலைகாட்டி வாங்க நினைப்பவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. இதைக் கொண்டுபோக முடியுமா?

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, நான் இலக்கணம் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். முன்னொரு மலரில் எழுதிய புணர்ச்சி விதிகளை எவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இம்முறை தொலைகாட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

எமது பாடசாலை ஆகஸ்ட் மாதத்தில் மூத்த வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோர் சிலரையும் இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்குவதற்கு அழைத்துச் செல்வதைப் பலரும் அறிவீர்கள். வாடகைக்கு எடுக்கும் மினிபஸ்ஸிலே கூடாரங்கள், உறங்குபைகள், இரண்டு காஸ் அடுப்புகள், அரிசிப் பைகள், பெரிய அலுமினியப் பானை, எவ்வளவு சொன்னாலும் கேளாமல் ஒரு தாயார் கொண்டுவரும் இடியப்ப உரல், இவையெல்லாம் ஏறிய பின்னரே மனிதர் ஏறவேண்டும். அதன்பின் எஞ்சியிருக்கும் இடம் எங்கள் மடி மட்டுமே. வானம் பார்ப்பதற்கென்று நாம் எதைக் கொண்டுபோவதாயினும் அது ஒரு பிள்ளையின் மடியில் அடங்கவேண்டும்.

முதன்முதலாக நான் வாங்கிய தொலைகாட்டி ஒரு தவறு. அதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். நாற்பது பவுண். பெட்டியின் மேல் வண்ண வண்ண வான்முகில்களின் படமும், 525 மடங்கு பெருப்பிக்கும் என்ற வாசகமும் இருந்தன. பௌதிகம் கற்பித்த நான் அந்த எண்ணைக் கண்டதும் கடையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். மலிவு என்ற ஆசை பௌதிகத்தை வென்றுவிட்டது. அந்த ஆண்டுக் காம்பில், பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணை வைத்துப் பார்த்தார்கள். முக்காலியின் கால்கள் குடைக்கம்பி போன்றவை. காற்று அசைந்தாலும் பிள்ளை மூச்சுவிட்டாலும் குழாய் ஆடியது. ஒரு சிறுவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேர், நிலாவுக்குக் குளிருது. நடுங்குது." அதற்குப் பிறகு அந்தக் குழாயைப் பிள்ளைகள் தேடவில்லை.

உருப்பெருக்கம் என்பது பெரிய இரகசியமன்று. முன்வில்லையின் குவியத் தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது அது. போதிய அளவு சிறிய பார்வைத்துண்டைச் செருகினால் எந்தக் குழாயும் எந்த எண்ணையும் தரும். ஆயினும் வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றரோ, அதன் இருமடங்குக்கு மேற் பெருப்பித்தால் மங்கல்தான் பெருக்கும். நான் வாங்கியது 60 மில்லிமீற்றர் வில்லை. எவ்வளவு முயன்றாலும் 120 மடங்குக்கு மேல் அதிலிருந்து பயனில்லை. மூத்த வகுப்புப் பிள்ளைகள் இதைப் பாடக் கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டால், பிற்காலத்தில் நாற்பது பவுண் மிஞ்சும்.

தமிழ் வாத்தியாருக்கு இந்த வான் பித்து எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் பிறந்தது வலிகாமத்தில். 1990 ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனபோது எனக்கு வயது பதினொன்று. வீதி விளக்கில்லை, வீட்டு விளக்குமில்லை. போத்தல் விளக்கை நூத்துவிட்டால் முற்றம் முழுவதும் வானந்தான். அம்மாவின் தகப்பனார், நாங்கள் அப்பு என்று அழைப்பவர், பாயில் மல்லாந்து கிடந்தபடி எனக்கு நட்சத்திரங்களைக் காட்டினார். வடக்கே பனைகளின் தலைக்குச் சற்று மேலே துருவ வெள்ளி. தெற்கே செந்நிறமான கேட்டை. விடியப்புறத்தில் எழும்பினால் கார்த்திகை. பஞ்சாங்கத்திலே வெறும் பெயர்களாக இருந்தவை அவ்விதம் எனக்கு இடம் பெற்றன.

அப்புவுக்குப் பஞ்சாங்கத்தில் அசையாத நம்பிக்கை. இருந்தும் 1829 ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தின் கதையை எனக்குச் சொன்னவரும் அவரே. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்கைச் சொல்லிற்று. வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த டானியல் பூவர் பாதிரியார் வேறொரு கணக்கைச் சொன்னார். சந்திரன் பாதிரியாரின் பக்கம் சாட்சி சொல்லிற்று. "பார்த்துத் தீர்க்கிற வழக்குக்கு வாயாலை அடிபட்டு என்ன?" என்று அப்பு முடித்துக்கொள்வார்.

எனினும் அந்த வானத்தை நாங்கள் ஒரு காதைத் தீட்டி வைத்துக்கொண்டே பார்த்தோம். பொம்மரின் இரைச்சல் வேறு, சகடையின் இரைச்சல் வேறு. கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் அது பாடமாயிருந்தது. பரா வெளிச்சக் குண்டு ஒன்று தொங்கத் தொடங்கினால் நட்சத்திரங்கள் யாவும் மறைந்துவிடும். அப்பு பாயைச் சுருட்டுவார். நாங்கள் பதுங்குகுழிக்குப் போவோம்.

பின்னர் 2003 முதல் 2008 வரை வன்னியிலே ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தேன். அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேரும் நானுமாக ஒரு தொலைகாட்டி செய்தோம். எஸ்லோன் குழாய்; ஒரு மீற்றர் குவியத் தூரமுள்ள மூக்குக்கண்ணாடி வில்லை; ஐந்து சென்ரிமீற்றர் குவியத் தூரமுள்ள சிறு உருப்பெருக்கி. நூறை ஐந்தால் வகுக்க இருபது மடங்கு. நிலாவின் குழிகள் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் இரண்டு இரவுகளுக்கு மேல் எம்மால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "மாஸ்ரர், உந்தக் குழாயை மேலை நீட்டிப் பிடியாதேங்கோ. வண்டு சுத்துது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அது என்னமாதிரித் தெரியுமோ ஆர் கண்டது?" என்றார். வண்டு என்பது ஆளில்லாத வேவு விமானம். அவர் சொன்னது முற்றிலும் சரி. பிள்ளைகளுக்குச் சனியின் வளையத்தைக் காட்டுவதாக வாக்களித்திருந்தேன். அடுத்த மாசியில் பார்ப்போம் என்று சொல்லிக் குழாயை வகுப்பறைக் கூரையின் வளையிலே செருகிவைத்தேன்.

அடுத்த மாசி 2009. அதைப் பற்றி இம்மலரில் நான் எழுதவேண்டியதில்லை, பெற்றோர் அறிவார்கள். சனி அந்த மாசி முழுவதும் இரவு வானில் இருந்தது. அவ்வாண்டு வளையம் பூமிக்கு விளிம்பு காட்டி நின்றதனால் எங்கள் குழாயில் அது தெரிந்திராது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூலிற் படித்தேன். அந்தப் பதினேழு பேரில் ஒன்பது பேர் எங்கே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

2011 இல் இந்நகருக்கு வந்து சேர்ந்தேன். இலண்டன் இரவு கறுப்பாயிருப்பதில்லை என்பதைக் கண்டு கொஞ்சக் காலம் வானத்தை மறந்தே இருந்தேன். ஒரு மாரி இரவில் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றபோது தற்செயலாக வடக்கே பார்த்தேன். துருவ வெள்ளி, ஊரில் பனைத்தலைக்கு மேலே பத்துப் பாகைக்கும் குறைவான உயரத்தில் நின்ற அதே வெள்ளி, இங்கே ஐம்பத்தொரு பாகைக்கு மேல் ஏறி நின்றது. ஓர் ஊரின் அகலக்கோடு எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில் துருவன் நிற்கும் என்று வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கே விளங்கியது போலிருந்தது.

இனி விடயத்துக்கு வருகிறேன். நாற்பது பவுண் குழாயினால் வந்த வெட்கத்தின் பின், இங்குள்ள வானியற் கழகம் ஒன்று பொதுமக்களுக்கு நடத்திய மாலைக்கூட்டத்துக்குப் போனேன். வாங்குவதற்கு முன்னர் பிறருடைய கருவிகளிற் கண்ணை வைத்துப் பார்ப்பது போன்ற நல்ல உபாயம் வேறில்லை, செலவுமில்லை. அங்கே முதிய ஆங்கிலேயர் ஒருவர் என்னிடம் விட்டத்தையும் கேட்கவில்லை, விலையையும் கேட்கவில்லை. நாள் முழுதும் நடந்து களைத்த பிறகு எதைத் தூக்கிக்கொண்டு வெளியே போக உமக்கு மனம் வரும் என்று கேட்டார். கிறீனிச்சில் எமது மாணவி கேட்ட அதே கேள்விதான்.

அவர் முதலிற் காட்டியது இரட்டைக்கண் தொலைநோக்கி. 10 மடங்கு, 50 மில்லிமீற்றர். கழுத்திலே தொங்கும், பால்வீதியை அதனால் துழாவுவது ஓர் இன்பம். தனிமனிதர் ஒருவர் முதன்முதலாக வாங்குவதற்கு அதைவிடச் சிறந்தது எதையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் சனியின் வளையத்துக்கு அது போதாது. அடுத்தது மக்ஸூற்றோவ் என்னும் வகை, 90 மில்லிமீற்றர். தேநீர்க் குடுவை அளவு குட்டையான குழாய், கோள்களைக் கூராகக் காட்டும். ஆயினும் அது ஒரு சிறு துண்டு வானத்தையே காட்டுவதால், தேடிப் பிடிப்பதற்குள் பிள்ளைகள் கூடாரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். உறுதியான முக்காலியும் வேறு வேண்டும்.

மூன்றாவதாக அவர் ஒரு மேசைமேல் வைத்ததைப் பார்த்தபோது, அதைத் தொலைகாட்டி என்றே நான் எண்ணவில்லை. ஸ்கை-வாட்சர் ஹெரிட்டேஜ் 130பி. வில்லைக்குப் பதிலாக 130 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழிவாடி. குவியத் தூரம் 650 மில்லிமீற்றர். குழாய் இரண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று இறங்கிப் பாதியளவாகிவிடும். முக்காலி இல்லை. சுழலும் மரப்பீடம் ஒன்று, அதில் ஒற்றைக் கை, கையிலே குழாய். தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். நிறை ஆறு கிலோகிராம் அளவில். கடையில் நாம் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பையை விடச் சற்றுக் கூட. இருளிற் பழகிய மனிதக் கண்மணியின் விட்டம் ஏறத்தாழ ஏழு மில்லிமீற்றர் என்று கொண்டால், இந்த ஆடி அதைவிட 340 மடங்குக்கும் மேலான ஒளியை அள்ளும். உடன் வரும் 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு 26 மடங்கும், 10 மில்லிமீற்றர்த் துண்டு 65 மடங்கும் தரும். பெட்டியின் மேல் 525 என்று எழுதியிருக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

தள்ளினால் நகரும் அந்தப் பீடத்தின் வரலாறு எம்மவர்க்குச் சுவையானது. அதற்கு டொப்சோனியன் என்று பெயர். ஜோன் டொப்சன் (1915–2014) அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரத்து வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். ஆம், இராமகிருஷ்ணரின் வழிவந்த மடமே. கையிற் காசில்லாத துறவி, கப்பற் சாளரக் கண்ணாடியை ஆடியாகத் தேய்த்து, கடதாசிக் குழாயும் பலகையும் கொண்டு தொலைகாட்டிகள் செய்தார். மதிலுக்கு வெளியே தெருவில் உருட்டிச் சென்று வருவோர் போவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். மடத்துக்கு இது பிடிக்கவில்லை. 1967 இல் அவரை வெளியேற்றிவிட்டார்கள். அவர் தெருவோரத்திலேயே தம் பணியைத் தொடர்ந்தார். இன்று உலகெங்கும் மலிவாக விற்கும் பெருவிட்டத் தொலைகாட்டிகளிற் பெரும்பாலானவை அவர் காட்டிய பீடத்தின் மேலேயே நிற்கின்றன.

நிர்வாகக் கூட்டத்தில் விடயம் எளிதாக முடியவில்லை. பெற்றோர் சேர்த்துத் தந்தது 200 பவுண். கணினித் துறையில் பணியாற்றும் தந்தையார் ஒருவர், பொத்தானை அழுத்தினால் தானே கோளைத் தேடிப் பிடிக்கும் இயந்திரத் தொலைகாட்டி வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயமிருந்தது. ஆனால் அந்தத் தொகையில் அவ்வகையை வாங்கினால், பணத்தின் பெரும் பங்கு மோட்டாருக்குப் போய், கண்ணாடிக்குக் கொஞ்சமே மிஞ்சும். மின்கலம் தீர்ந்தால் அதுவுமில்லை. மேலும் பிள்ளைகள் தாமே தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். இன்னொரு தாயார் கேட்டது கடினமான கேள்வி: "தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தொலைகாட்டி எதுக்கு மாஸ்ரர்? மிருதங்கத்துக்குத் தோல் மாத்த வேணுமெண்டு போன வருசமும் சொன்னனாங்கள்." என் பையில் இருந்த பஞ்சாங்கத்தை எடுத்து, அவருடைய நட்சத்திரம் எது என்று கேட்டேன். திருவோணம் என்றார். அதைப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சம்மதித்ததாகவும் சொல்லமுடியாது.

முடிவில், கழகத்து உறுப்பினர் ஒருவர் பாவித்த ஹெரிட்டேஜ் 130பி ஒன்றை 110 பவுணுக்குத் தந்தார். மிகுதியில் இரட்டைக்கண் தொலைநோக்கி ஒன்றும், நட்சத்திரங்களைத் தேட உதவும் சுழல்வட்டத் தட்டு ஒன்றும் வாங்கினோம். மிருதங்கத்தின் தோலும் பின்னர் மாற்றப்பட்டது என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்கள் போன இடம் தெற்கு டவுன்ஸ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. இலண்டனிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணிநேரப் பயணம். 2016 ஆம் ஆண்டில் அது சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிறீனிச்சில் கேள்வி கேட்ட அதே மாணவி, வழியெல்லாம் தொலைகாட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்தபடி வந்தாள். வெள்ளி இரவு காற்றும் மழையும். சனி இரவு வானம் திறந்தது. அமாவாசை கழிந்து மூன்றே நாளாதலால் நிலாவும் வேளைக்கே மறைந்துவிட்டது. முகாமின் மரமேசை மேல் தொலைகாட்டியை வைத்தோம். பிள்ளைகள் முழங்கையை ஊன்ற ஊன்ற மேசை ஆடியது. ஈற்றில் அடி தட்டையான அந்தச் சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்து, அதன்மேல் வைத்தபோது அசையாது நின்றது. கைவிளக்குகளுக்குச் சிவப்புத் தாள் சுற்றினோம். கண் இருளிற் பழக அரைமணி நேரம் பேசாமற் படுத்திருக்கச் சொன்னேன். பேசாமல் என்பது மட்டும் நடக்கவில்லை.

பால்வீதியை அதுவரை கண்டிராத பிள்ளைகள் அதை முகில் என்றே நினைத்தார்கள். முகிலன்று என்று சொன்னதும் சற்று நேரம் உண்மையிலேயே அமைதி நிலவியது. அப்போது கட்விக் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று தாழ்ந்து எங்களைக் கடந்தது. நான் தற்செயலாகப் பெற்றோரின் பக்கம் திரும்பினேன். நால்வர் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஒருவர் பிள்ளையின் தோளிற் கையை வைத்திருந்தார். இரைச்சல் தேயும்வரை அவ்வாறே நின்றோம்; நானுந்தான். பிள்ளைகள் எவரும் அதைக் கவனிக்கவில்லை.

தென்கிழக்கே சனி ஏறி வந்ததும், அதைக் குழாயினுட் கொண்டுவந்து, இடாப்பு வாசிப்பதுபோல் ஒவ்வொரு பெயராக அழைத்தேன். அழைக்கப்பட்டவர் பானையின் அருகே முழந்தாளிட்டுப் பார்த்தார். 65 மடங்கில் அது ஒரு மிளகளவுதான். ஆனால் வளையம் ஐயமறத் தெரியும். ஒரு பையன் குழாயின் வாயிலே யாரோ படம் ஒட்டியிருப்பதாக எண்ணிக் கையால் தடவிப் பார்த்தான். அழைத்துக்கொண்டே போகையில், வரிசையில் இல்லாத ஒரு பெயரை அழைத்துவிட்டேன். "அப்படி ஒருத்தரும் இல்லை, சேர்" என்றார்கள். ஓம், பிழையாக வாசித்துவிட்டேன் என்று சொல்லி அடுத்த பெயரை அழைத்தேன்.

எல்லோரும் பார்த்து முடிந்த பின், திருவோணத்துத் தாயார் போர்வையைப் போர்த்துக்கொண்டு வந்தார். தெற்கே உயர்ந்து நின்ற அவருடைய நட்சத்திரத்தை முதலில் வெறுங்கண்ணாற் காட்டினேன். பிறகு சனி. அவர் கண்ணை எடுக்கவேயில்லை. இரண்டாந்தரம் பார்க்க நின்ற பிள்ளைகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "இதுதான் எங்களைப் பிடிச்சு ஆட்டினதோ?" என்றார் கடைசியில். ஏழரைச் சனியைச் சொன்னாரோ, வேறெதைச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. ஒரு மணியளவில் கிழக்கே கார்த்திகை எழுந்தபோது விழித்திருந்தவர்கள் ஐந்து பேர். 26 மடங்கில் அது ஆறு மீனன்று, ஒரு கூடை மீன்.

இத்தொலைகாட்டி இப்போது பாடசாலையின் களஞ்சிய அறையில் இருக்கிறது. விடுமுறையில் கூடாரமடிக்கச் செல்லும் குடும்பங்கள் இரவல் பெறலாம். அலுவலகக் கொப்பியில் கையொப்பமிட்டால் போதும். எக்காரணம் கொண்டும் சூரியனை நோக்கித் திருப்பக்கூடாது. கண் ஒரு நொடியிற் போய்விடும். ஆடியில் தூசு தெரிந்தால் தெரியட்டும், துணியால் துடைக்கவேண்டாம். பார்க்கத் தொடங்குவதற்கு அரைமணி முன்னதாக வெளியே வைத்து ஆறவிடவும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் மீண்டும் விளிம்பு காட்டிற்று. அதன்பின் ஆண்டுக்காண்டு விரிந்து 2032 அளவில் முழு அகலத்துக்கு வரும். ஆகையால் இன்று முதலாம் வகுப்பில் இருப்போரும் அவசரப்படத் தேவையில்லை. திருப்பித் தரும்போது பார்வைத்துண்டுகள் இரண்டும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கவும். சென்ற முறை ஒன்று யாரோ ஒருவருடைய சப்பாத்துக்குள் கிடந்தது.